மேனேஜரின் மூக்கில் லில்லிக் கறை

என் அக்கா புருஷன் பொக்கே கட்டுகிறவர். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற பூக்கடையில் இருபத்தாறு வருஷமாக ஒரே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆள் பார்ப்பதற்கு லாரியிலிருந்து சிமென்ட் மூட்டை இறக்குகிறவர் மாதிரி இருப்பார். கை ஒவ்வொன்றும் முறம் அகலம். ஆனால் அந்தக் கையில் பத்து ரோஜாவையும் ஒரு முழம் ரிப்பனையும் கொடுத்தால், நீங்கள் தும்மி முடிப்பதற்குள் பொக்கே தயார். முடிச்சு எங்கே போட்டார் என்று தேடினாலும் கிடைக்காது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பள்ளிக்கூட வாத்தியார்களை விட எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் என் மாணவர்கள் தப்பு செய்தால் மதில் சுவர் இடிகிறது. மனுஷர்களை ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதத்தை வைத்துத்தான் எடை போடுவேன். அத்தானுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். பூத்தண்டைப் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த பஸ்சுக்கு "நீங்க போங்க, நீங்க போங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். அதோடு சரி.

அவர்கள் கீழ் வீடு, நான் மாடி. பின்னால் தோட்டம். தோட்டம் என்றால் கடையில் குப்பைக்குப் போக வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்து பிழைத்துக்கொண்ட இடம். ஒடிந்த தண்டு, முளைவிட்ட கிழங்கு, வாடிய செடி என்று எதையும் அத்தான் தூக்கிப் போட மாட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நட்டுவிடுவார். அறுபத்து மூன்று தொட்டி. துணி காயப்போடப் போகிற அக்கா, ஒவ்வொரு தொட்டியாகத் திட்டிக்கொண்டே போய், திட்டிக்கொண்டே திரும்பி வருவாள்.

பூனை என்றால் அத்தானுக்கு ஆகவே ஆகாது. தெருவில் ஒன்று குறுக்கே வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவார். அப்படிப்பட்டவருக்கு விதி ரிப்பன் பெட்டி ரூபத்தில் வந்தது. கடையில் ரிப்பன் வைக்கிற அட்டைப் பெட்டிக்குள் ஒரு பூனை நாலு குட்டி போட்டது. மூன்றை வாயில் கவ்விக்கொண்டு போனது. நாலாவதை எடுக்க வரவே இல்லை. முதலாளியம்மா, "வெளிய தூக்கிப் போடுங்க, பூவுல முடி ஒட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் வீட்டுக்குள் வந்தபோது சட்டைப் பையிலிருந்து இரண்டு காது எட்டிப் பார்த்தது. அத்தான் முகம் வெளிறி, கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"ஏங்க, என்ன அது?" என்றாள் அக்கா.

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்மா. நாளைக்கு யாராவது கேட்டா குடுத்துடலாம். இப்ப நீ கொஞ்சம் எடுத்துடேன், எனக்குப் பயமா இருக்கு."

அந்த ஒரு ராத்திரி ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வந்த மூன்றாம் நாளே அதற்குப் பெயர் விழுந்தது. ஒவ்வொருவர் தட்டாகப் போய் மோந்து பார்க்கும், மூஞ்சியைச் சுளிக்கும், ஒன்றும் சொல்லாமல் அடுத்த தட்டுக்குப் போகும். "இது என்னடி, எங்க சலவைக் கடை மேனேஜர் மாதிரி எல்லாத்திலயும் குத்தம் பார்க்குது?" என்றாள் அக்கா. அன்றிலிருந்து மேனேஜர். 'அது' என்று சொன்னால் அத்தானுக்குக் கோபம் வரும். "அவர்" என்றுதான் சொல்ல வேண்டும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் இவர் என்று பேசப் பழகிவிட்டேன். பூனைக்குப் பயந்த மனுஷர் ஒரு மாதத்தில் நெஞ்சில் பூனை தூங்காவிட்டால் தூக்கம் வராத நிலைக்கு வந்தார்.

தடுப்பூசி போடக் கூட்டிப் போனோம். ஊசியெல்லாம் போட்டு முடித்துவிட்டு டாக்டரம்மா சும்மா இருந்திருக்கலாம். "வீட்டுல செடி ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "அறுபத்து மூணு தொட்டி டாக்டர்!"

"என்னென்ன?"

"அரளியில மூணு கலர். சாமந்தி. சைகஸ் பனை, குட்டியா, ரொம்ப அழகா இருக்கும். கற்றாழை. மணி பிளான்ட் சுவர் பூராவும் ஏறியிருக்கு."

ஒவ்வொரு பெயருக்கும் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். தனக்கு மார்க் விழுகிறது என்று நினைத்து அத்தான் இன்னும் உற்சாகமானார். "லில்லி ரெண்டு தொட்டி டாக்டர். இன்னும் மொட்டு விடல. விட்டா வீடே மணக்கும்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மத்ததெல்லாம் கூட அப்புறம். அந்த லில்லி இன்னிக்கே வெளிய போகணும். இலை, பூ, தண்டு, பூ வச்ச ஜாடித் தண்ணி, எதுவுமே பூனைக்கு ஆகாது. அந்தப் பூந்தூள் மேல பட்டு அதை நக்கினாக்கூட கிட்னி போயிடும். சாப்பிட்டதும் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். வாந்தி எடுக்கட்டும், பார்த்துக்கலாம்னு இருந்தீங்கன்னா கை மீறிடும்."

அத்தான் மேனேஜரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது காரிலும் அவரை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பூந்தூள் என்று டாக்டரம்மா சொன்னது எங்கள் மூன்று பேர் காதிலும் விழுந்தது. மூன்று பேரும் தோட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் லில்லி இரண்டையும் சைக்கிளில் கட்டிக் கடையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மற்றவற்றில் ஆகாதது எது, ஆகிறது எது என்று பிரிக்க வேண்டும். டாக்டரம்மா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தான் சொன்னார்: "ஆகாத தொட்டிக்கெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டிடறேன். ஒரு பார்வையில தெரிஞ்சுடும்."

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். அதைச் சொன்ன வாயை இப்போதும் நான் மன்னிக்கவில்லை.

பொக்கே கட்டுகிறவருக்கு ரிப்பனைச் சும்மா ஒரு முடிச்சுப் போட்டு விடத் தெரியாது. அந்தக் கை அப்படிப் பழகிவிட்டது. ஒவ்வொரு தொட்டிக்கும் இரட்டைப் பூ முடிச்சு. இரண்டு பக்கமும் ஒரு சாண் வால். அந்த வாலைக் கத்தரிக்கோல் முதுகில் வைத்து ஒரு இழு இழுத்தால் சுருள் சுருளாக விழும். அந்தச் சுருளும் உண்டு. முப்பத்திரண்டு தொட்டி, அறுபத்து நாலு சுருள், அத்தனையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அத்தான் தள்ளி நின்று இடுப்பில் கை வைத்து ரசித்தார். அப்போது சமையலறைக் கதவு இடுக்கு வழியாக மேனேஜர் வெளியே வந்தார்.

வந்தவர் அப்படியே உறைந்து நின்றார். அவருடைய ஐந்து மாத வாழ்க்கையில் இவ்வளவு பெரிய மரியாதையை யாரும் அவருக்குச் செய்ததில்லை. பின்பக்கம் இரண்டு ஆட்டு ஆட்டினார், ஒரே தாவு. முதல் ரிப்பன் அரளியில். "ஐயோ!" என்று அத்தான் பாய்ந்தார். மேனேஜர் அதற்குள் சைகஸில் தொங்கிக்கொண்டிருந்தார். அங்கே போனால் மணி பிளான்ட். விஷம் இல்லாத இருபத்தொன்பது தொட்டிப் பக்கம் அவர் தலை வைத்தும் படுக்கவில்லை. ஆகாத செடி எது என்று நாங்கள் அவருக்கு ஒன்று விடாமல் அடையாளம் காட்டி, அழைப்பும் வைத்திருந்தோம்.

"வலது பக்கம் மடக்குங்க அத்தான்! வலது! அது இடது!" என்று நான் கத்துகிறேன். அக்கா காயப்போட்ட போர்வையை உருவி வலை மாதிரி வீசுகிறாள், அது அத்தான் தலையில் விழுகிறது. போர்வைக்குள்ளிருந்து "வாயைப் பாரு, வாயில ஏதாவது வச்சிருக்காரா பாரு!" என்று குரல் வருகிறது. கால் தட்டிக் கற்றாழைத் தொட்டி உருண்டு, அது சாமந்தியை இடித்து, சாமந்தி துணிக்கொடிக் கம்பை இடித்து, கம்போடு அக்காவின் ஒரு வாரத் துணியும் மண்ணில் விழுந்தது. கடைசியில் மேனேஜர் தானாகவே களைத்து, வாயில் ஒரு முழம் சிவப்பு ரிப்பனோடு நடுத்தோட்டத்தில் மல்லாந்து படுத்தார். வாயைத் திறந்து பார்த்தோம். இலை கிலை ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் மட்டும் மேனேஜர் பல்லிடுக்கை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே ஊர்வலம் தொடங்கியது. ஆகாத தொட்டிகளைப் பூனை இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அத்தான் சைக்கிள் கேரியரில் தொட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவைத் திறந்ததும் முதல் கேள்வியே, "உங்க வீட்டுல பூனை இருக்குங்களா?"

"இல்லையே. வேணாங்க."

"பூனை குடுக்க வரலம்மா. செடி. குழந்தைங்க? நாய்? கண்டதை எடுத்து வாயில வைக்கிறவங்க யாராவது?"

"எங்க வீட்டுக்காரர் நகம் கடிப்பார்."

"அது பரவாயில்ல. செடியக் கடிக்காம இருந்தா போதும்."

வாங்க இருந்த ஒன்றிரண்டு பேரும் அவர் சொல்கிற எச்சரிக்கையைக் கேட்டுப் பின்வாங்கினார்கள். தொட்டால் கை கழுவ வேண்டும், கண்ணைத் தேய்க்கக் கூடாது, காய்ந்த குச்சியை அடுப்பில் போடக் கூடாது. இலவசமாகக் கிடைக்கிற செடிக்கு இவ்வளவு நிபந்தனை போட்டால் யார் வாங்குவார்கள்? ஆனாலும் மனுஷர் சளைக்கவில்லை. தபால் நிலையத்துக்கு இரண்டு, நூலக வாசலுக்கு நாலு. மீதியில் ஏழு தொட்டியை என் டிரைவிங் ஸ்கூல் தலையில் கட்டினார். ரிவர்ஸ் பழகுகிற மைதானத்தில் கம்புக்குப் பதிலாக வரிசையாக வைத்தேன். முதல் வாரத்திலேயே நாலு தொட்டி காலி. என் மாணவர்களைப் பற்றி நான் சொன்னதை அப்போதாவது ஊர் நம்பியது.

கடைசித் தொட்டியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அத்தான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். தொட்டி இருந்த இடத்திலெல்லாம் தரையில் வட்ட வட்டமாக ஈரம். சைகஸ் பதினொரு வருஷமாக வளர்த்தது. குப்பையிலிருந்து எடுத்து வந்தபோது வெங்காயம் அளவுதான் இருந்ததாம். "போனா போகுது அத்தான்," என்றேன். "ஆமா, போகுது," என்றார். மேனேஜர் வந்து அந்த ஈர வட்டம் ஒன்றில் சரியாகப் பொருந்திச் சுருண்டு படுத்ததும் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. ரோஜா, செம்பருத்தி, ஜெர்பரா, சூரியகாந்தி என்று மீதமிருந்த இருபத்தொன்பதையும் இடம் விட்டு அடுக்கினார். இனி ஆபத்தே இல்லை என்று நாங்கள் மூன்று பேரும் பெருமையாகச் சுற்றி வந்தோம்.

சரியாகப் பன்னிரண்டாம் நாள் கடைக்கு லில்லி வந்தது.

லில்லி அந்தக் கடையில் தினசரி வருகிற பூ இல்லை. பெரிய ஆர்டர் இருந்தால்தான் பெட்டி பெட்டியாக இறங்கும். ஏதோ ஹோட்டல் வரவேற்பறைக்கு அறுநூறு பூ. மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தபின் இதுதான் முதல் தடவை. லில்லி விரிந்ததும் நடுவில் ஆறு காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் செங்கல் நிறத்தில் தூள். யார் துணியில் பட்டாலும் கறைதான் என்பதால் வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன் அந்த நுனிகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அது அத்தானின் வேலை. கிள்ளிய விரலைச் சட்டையின் இடது பக்கத்தில் துடைத்துக்கொள்வது அவர் பழக்கம்.

அக்காவுக்குச் சலவைக் கடையில் கறை மேசையில் வேலை. காப்பியா, மையா, துருவா, ரத்தமா என்று பார்த்த உடனே சொல்லிவிடுவாள். ஊரார் கறையை எல்லாம் போக்குகிறவளுக்கு வீட்டில் அத்தான் சட்டையின் இடது பக்கம் மட்டும் தீராத தலைவலி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். அவ்வளவு சண்டையிலும் அது பூந்தூள் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு அது சலவை விஷயம்.

அன்று அத்தான் ஆறு மணிக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். மேனேஜர் ஏறி நெஞ்சில் படுத்தார். இரண்டு பேரும் குறட்டை. நான் மாடியிலிருந்து காப்பிக்கு இறங்கி வந்தபோது அக்காவும் வேலை முடிந்து உள்ளே வந்தாள். "பாருடி இவங்க ரெண்டு பேர் அழகை," என்று சிரித்தபடி குனிந்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"லில்லிக் கறை," என்றாள்.

"எங்கக்கா?"

"மேனேஜர் மூக்குல."

அத்தான் கண்ணைத் திறந்தார். மேனேஜரும் திறந்தார், கொட்டாவி விட்டார், நாக்கை நீட்டினார்.

"நக்க விடாத! பிடி!" என்று அக்கா அலறிய அலறலில் நான் காப்பியைக் கொட்டினேன். அத்தான் முறம் மாதிரிக் கையால் மேனேஜர் வாயைப் பொத்தினார். நான் குழாயடிக்கு ஓடப் போனேன். "தண்ணி வேணாம்! தண்ணி பட்டா பரவும்! டேப் எடு, ஒட்டுற டேப்!" கறை மேசையில் இருபது வருஷம் நின்றவள் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். மேசை டிராயரிலிருந்து டேப்பைக் கொடுத்தேன். துண்டு துண்டாகக் கிழித்து மூக்கு, மீசை, கழுத்து, முன்னங்கால் என்று அக்கா ஒத்தி ஒத்தி எடுத்தாள். டேப்பில் செங்கல் நிறம் ஏறியது. மேனேஜர் தன் வாழ்க்கையில் இதுவரை பேசாத கெட்ட வார்த்தையெல்லாம் பேசினார். அத்தான் சட்டையைக் கிழித்துக் கழற்றி வாசலுக்கு வெளியே வீசினார். பொத்தான்கள் நாலா பக்கமும் தெறித்தன.

"எவ்வளவு நக்கினாரோ தெரியலியே," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான்தான் கொண்டு வந்தேன். தோட்டத்தைக் காலி பண்ணிட்டு நானே சட்டையில கொண்டு வந்தேன்."

வாசலில் இருந்தது என் டிரைவிங் ஸ்கூல் கார். அதில் கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன், அக்கா என் இடத்தில். பின்னால் பனியனோடு அத்தான், துண்டில் சுற்றிய மேனேஜர். நான் வேகம் எடுத்த போதெல்லாம் அக்கா பயந்துபோய்க் காலை ஊன்றினாள். கார் குதித்துக் குதித்து நின்றது.

"பிரேக்குல இருந்து காலை எடுக்கா!"

"நான் எங்கடி மிதிச்சேன்? அதுவா நிக்குது!"

"அதுவா எப்படி நிக்கும்? காலைச் சம்மணம் போட்டு உட்காரு!"

சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் நேராகப் போனோம். முன்னால் போனவர்கள் கார் தலையில் இருந்த பயிற்சிப் பலகையைப் பார்த்துப் பயந்து தாமாகவே ஒதுங்கி வழி விட்டார்கள். அந்தப் பலகை எனக்கு உதவியது அன்று ஒரு நாள்தான்.

டாக்டரம்மா டேப்பை வாங்கிப் பார்த்தார். "நல்ல வேலை பண்ணினீங்க," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மேனேஜரை முழுக்கக் குளிப்பாட்டி, ரத்தம் எடுத்து, காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார். "உள்ள எவ்வளவு போச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. தண்ணி ஏத்திக்கிட்டே இருக்கணும், கிட்னி அதை வெளிய தள்ளணும். யூரின் போனா நல்லது. போகலன்னா கஷ்டம்," என்றார். எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். அத்தான் கூண்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். அவரைக் கிளப்ப டாக்டரம்மாவால் முடியவில்லை.

காலையில் வேறு சட்டை எடுத்துக்கொண்டு போனோம். நாக்கு வறண்டு, கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் கூண்டின் மூலையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். மணல் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

"போனாரா?" என்றாள் அக்கா.

"ஒரு சொட்டு இல்ல."

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். "பயத்துல அடக்கிட்டு இருந்தாலும் இருக்கும். இல்ல, கிட்னி வேலை செய்யலன்னாலும் இருக்கும். மறுபடி ரத்தம் அனுப்பியிருக்கேன். மத்தியானம் தெரியும்."

மத்தியானம் வரை சும்மா இருக்க முடியுமா? தட்டில் மணலை மாற்றினோம். செய்தித்தாள் விரித்தோம். குழாயைத் திறந்து விட்டால் தண்ணீர் சத்தம் கேட்டு வரும் என்று அக்கா திறந்து விட்டாள். கைக்குழந்தைக்குச் செய்வது போல அத்தான் கூண்டு முன் குந்தி உட்கார்ந்து "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்றார். நானும் சேர்ந்துகொண்டேன். காத்திருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். சொன்னதும் அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். கிளி கொண்டு வந்த ஒரு பெரியவர், நாய் கொண்டு வந்த ஒரு அம்மா, எல்லாரும் சேர்ந்து "ஸ்ஸ்ஸ்". அந்த அம்மாவின் நாய் பெஞ்சுக் காலில் போனது. கிளி தன் பங்குக்குப் போட்டது. பெரியவர் எழுந்து, "இங்க பாத்ரூம் எங்கம்மா?" என்றார். மேனேஜர் மட்டும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மாவின் போன். அந்த அறைக்கே கேட்டது அவர் குரல். "எங்க இருக்கீங்க? இன்னும் முந்நூறு லில்லி கிள்ளணும், மூணு மணிக்கு வண்டி வந்துடும்!"

"இன்னிக்கு வரலம்மா," என்றார் அத்தான்.

இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அந்தப் பக்கம் குரல் சட்டென்று இறங்கியது. "உடம்பு சரியில்லையா?"

"எனக்கில்லம்மா. பூனைக்கு."

"எந்தப் பூனை?"

"ரிப்பன் பெட்டில இருந்துச்சே, அது." முதல் தடவையாக அவர் வாயில் 'அது' என்று வந்தது. குரல் உடைந்துவிட்டது. "லில்லித் தூள நக்கிடுச்சும்மா."

"நான் வெளிய போடச் சொன்னேனே, அந்தக் குட்டியா?" என்று முதலாளியம்மா மெதுவாகக் கேட்டார். "சரி. நீங்க அங்கயே இருங்க. லில்லிய நான் கிள்ளிக்கறேன்." வைத்துவிட்டார்.

அத்தான் போனைச் சட்டைப் பையில் போட்டார். "இனிமே கடையிலயே குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வீட்டு வாசல் மிதிப்பேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கடைக்கு வந்து நின்னா, என்ன பூ வேணும்னு கேட்டா பதில் வராது. எதையாவது குடுங்கன்னுவாங்க. இது என்னடா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு எனக்கு எரிச்சலா வரும், இன்ஸ்ட்ரக்டரம்மா. இத்தனை வருஷம் எரிச்சல்பட்டுட்டேன்." நானும் பதில் சொல்லவில்லை.

டாக்டரம்மா வந்து எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். "கூண்டுல இருந்தா பயந்துக்கிட்டேதான் இருப்பார். டிரிப்போட அப்படியே எடுத்து மடியில வச்சுக்கோங்க. ஆட்டாம பிடிங்க." அவரும் 'அவர்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மடியில் வைத்ததும் மேனேஜர் ஒரு சுற்று சுற்றி, அத்தானின் வயிற்றில் மூக்கைப் புதைத்தார். அத்தான் விரல் ஒன்றால் காதின் பின்பக்கம் தடவினார். முடிச்சு போடுகிற அதே விரல். சுவரில் கடிகாரம் ஓடியது. கிளிப் பெரியவர் போய்விட்டார், நாய் அம்மா போய்விட்டார். பன்னிரண்டரை ஆனது. அத்தான் முகம் திடீரென்று ஒரு மாதிரி ஆனது.

"என்னங்க? என்ன ஆச்சு?" அக்கா பதறினாள்.

அவர் கண் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் பேன்ட்டில் ஒரு ஈரம் தோன்றி, தொடை வழியாக இறங்கி, முழங்காலைச் சுற்றி, ஸ்டூலிலிருந்து தரையில் சொட்டச் சொட்ட விழுந்தது. அது நிற்கவே இல்லை. நேற்றிலிருந்து ஏற்றிய தண்ணீர் மொத்தமும் வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது.

"போறார்," என்று அத்தான் கிசுகிசுத்தார். "யாரும் சத்தம் போடாதீங்க. இன்னும் போறார்."

சத்தம் போடாமல் எப்படி இருப்பது? அக்கா வீலென்று கத்தினாள். நான் ஏன் குதித்தேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் குதித்தேன். டாக்டரம்மா உள்ளேயிருந்து கையில் காகிதத்தோடு ஓடி வந்து தரையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ரத்த ரிசல்ட்டும் இப்பதான் வந்துச்சு. அளவெல்லாம் சரியா இருக்கு. இன்னும் ஒரு நாள் வச்சுப் பார்ப்போம். ஆனா பயப்படாதீங்க. பிழைச்சுட்டார்."

அத்தான் அழுதார். சிமென்ட் மூட்டை தூக்குகிற மாதிரி இருக்கிற மனுஷர், நனைந்த பேன்ட்டோடு, தோள் குலுங்காமல் அழப் பார்த்தார். தோள் குலுங்கினால் மேனேஜருக்கு ஆடும் அல்லவா? அதனால் கண்ணீர் மட்டும் தாடை வரை வந்து விழுந்துகொண்டிருந்தது. அக்கா தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுக்கொண்டே அழுதாள். நான் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

"உள்ள மாத்துத் துணி இருக்கு. எழுந்து போய் மாத்திக்கோங்க, இப்படியே இருந்தா சளி பிடிக்கும்," என்றார் டாக்டரம்மா.

அத்தான் மடியைக் குனிந்து பார்த்தார். மேனேஜர் வாயைப் பிளந்து தூங்கிப்போயிருந்தார்.

"வேணாம் டாக்டர்," என்றார். "எழுந்தா முழிச்சுக்குவார்."